சக்கரவர்த்திக்கு விதித்த தண்டனை

கீழ்பென்னாத்தூர்
9.6.2003

என் தங்கச்சி சந்திரம்மாள் பெற்ற ஒரே ரத்தினம் பொன்னிக்கு, மாமன் இருசப்பன் ஆயிரம் யானை பலத்தோடு எழுதுவது.

உன் கடிதம் பார்த்தேன். கணையத்தில் புற்று, கல்லீரலுக்கும் பரவிவிட்டது, அறுவை செய்ய வழியில்லை, மருந்து ஏற்றினால் சில மாதம் கூடும். நர்ஸ் என்றால் நர்ஸ், ஒன்றையும் மறைக்கவில்லை. அறுபத்து நான்கு வருஷம் என் வயிற்றுக்குள் இருந்தவன் இந்தக் கணையம், பேரே இப்போதுதான் தெரிகிறது!

சென்னைக்கு வந்து உன் வீட்டில் தங்கச் சொல்கிறாய். அங்கே உன் அப்பன் சக்கரவர்த்தி இருக்கிறான். பத்து வருஷத்துக்கு முன் சித்ரா பௌர்ணமியன்று உன் அம்மா செத்தாள். அண்ணன் கொண்டுவரும் பிறந்த வீட்டுக் கோடிப் புடவையைப் போர்த்தாமல் தங்கச்சியை எடுக்கக்கூடாது என்பது எறும்புக்குக்கூடத் தெரியும். கிரிவலக் கூட்டத்துக்காகப் போலீஸ்காரன் பஸ்ஸை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டான். ஒரு கோடி ஜனத்தை முட்டித் தள்ளிக்கொண்டு, புடவையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, அப்போது நீங்கள் இருந்த அடி அண்ணாமலைக்கு ஓடிவந்தேன். சுடுகாட்டில் புகைதான் இருந்தது.

"யாருடா எடுக்கச் சொன்னது?"ன்னு கேட்டேன்.

"நான்தான்"னான் உன் அப்பன். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

அவன் மூஞ்சியில் விழிப்பதற்குப் பதில் எமனோடு உட்கார்ந்து தாயம் ஆடுவேன்.

மாமன் இருசப்பன்


சென்னை
14.6.2003

அன்புள்ள மாமாவுக்குப் பொன்னி எழுதுவது. சாப்பாடு இறங்குகிறதா? கண் மஞ்சள் கம்மியானதா?

மருந்து வாரம் ஒரு நாள். மூன்று வாரம் ஏற்றி, ஒரு வாரம் ஓய்வு. அந்த ஓய்வில் நீங்கள் ஊருக்குப் போய்வரலாம். எனக்கு வார்டு டூட்டி இருப்பதால், ஏற்றும்போது பக்கத்தில் உட்கார அப்பாவை விட்டால் ஆளில்லை. அவரே சொன்னார்: "நான் உக்கார்றேம்மா. அவன் என்னா திட்டுனாலும் சரி."

எனக்காக வாங்க மாமா.

பொன்னி


கீழ்பென்னாத்தூர்
19.6.2003

பொன்னிக் கண்ணு,

என்ன திட்டினாலும் சரி என்றானா? எழுதி வாங்கி வை. வருகிறேன். வைத்தியத்துக்கு இல்லை, பழி வாங்க.

இருசப்பன்


கீழ்பென்னாத்தூர்
24.7.2003

ரத்தினமே,

உன் டூட்டி நேரத்தில் உன் மாமன் ஈட்டிய வெற்றிகளை இங்கிருந்து பறைசாற்றுகிறேன். வாந்தியே வராதபோது "பேசினைப் புடிடா"ன்னேன். முக்கால் மணி நேரம் பிடித்தான். இளநீர் கேட்டேன். "வழுக்கை ஜாஸ்தி, வேற வாங்கியா"ன்னு நாலு தடவை வெயிலில் துரத்தினேன். நாலாவது தடவை வந்து, "இது தேவலாமா மச்சான்?"ன்னான். மச்சானாம்! குழாய் மட்டும் கையில் இல்லாவிட்டால் அவனைத் தூக்கி வங்காள விரிகுடாவில் வீசியிருப்பேன்.

ஒரே குறை, திருப்பிப் பேசமாட்டேன் என்கிறான். பழியில் பாதி ருசி போய்விடுகிறது. எடை நாற்பத்தொன்று. இன்னும் இளைத்தால் காற்றில் பறந்து மலையுச்சியில் ஒட்டிக்கொள்வேன். ஆனாலும் அடுத்த ரவுண்டுக்கு வருவேன். அவனுக்கு இன்னும் பாக்கி நிறைய இருக்கிறது.

வெற்றிவீரன் இருசப்பன்


சென்னை
20.9.2003

அன்புள்ள மாமாவுக்கு,

ஸ்கேன் வந்துவிட்டது. கல்லீரலில் கட்டிகள் பெருத்திருக்கின்றன. இந்த மருந்து கேட்கவில்லை, நிறுத்திவிடலாம் என்கிறார் டாக்டர். இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான். உங்களிடம் எதையும் மறைத்ததில்லை என்று எழுத நினைத்தேன். எழுத முடியவில்லை.

போன வாரம் அப்பாவைக் "கொலகாரப் பாவி"ன்னு திட்டினீர்கள். நான் கதவோரம் நின்றிருந்தேன்.

அம்மாவை எடுக்கச் சொன்னது நான். பொழுது சாய்ந்தால் கூட்டத்தில் கிரிவல ரோட்டைத் தாண்ட முடியாது என்று ஊரில் எல்லாரும் பயமுறுத்தினார்கள். அப்பா பாடையைப் பிடித்துக்கொண்டு, "இருசப்பன் வரட்டும், வராம எடுக்க உடமாட்டேன்"னு நின்றார். "எடுங்க!"ன்னு நான்தான் கத்தினேன். அப்புறம் அப்பா என்னிடம், "மாமன்கிட்ட சொல்லாதம்மா. உம்மேல உசுரையே வச்சிருக்கான், தாங்கமாட்டான்"னார்.

அடுத்த சனிக்கிழமை வருகிறேன். என்னைத் திட்டுங்கள்.

பொன்னி


கீழ்பென்னாத்தூர்
25.9.2003

பொன்னிக்கு,

படித்தேன்.

பத்து வருஷம் ஆள் மாறிக் கருவிக்கொண்டிருந்திருக்கிறேன். உன்மேல் முதலிலிருந்து ஆரம்பிக்க எனக்கு நாள் இல்லை. அதற்காகச் சும்மா விட்டேன் என்று நினைக்காதே.

தண்டனை எடுக்கச் சொன்னதற்கு இல்லை. அப்போது இருபது வயசு, பயந்துபோனாய். ஆனால் பத்து வருஷம் உன் பழியை அவன் சுமக்கவிட்டு, அவன் என்னிடம் ஏச்சு வாங்கியதைக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாயே, அதற்கு.

சனிக்கிழமை நீ வராதே. அப்புறமும் வராதே. சேதி கிடைத்தாலும் வராதே.

உன் அப்பனை மட்டும் அனுப்பு. ஜன்னலோரம் பார்த்து உட்காரவைத்து விடு, அவனுக்குப் பஸ்ஸில் தலை சுற்றும். உன்னை வரவேண்டாம் என்று நான் சொன்னதை அவனிடம் சொல்லாதே. சொன்னால் உனக்காகக் கெஞ்ச வருவான்.

எனக்காக வரட்டும்.

இருசப்பன்