மூன்று மிஸ்டு கால்

12 செப்டம்பர் 2006, செவ்வாய்

தங்கவயலுக்கு ரயிலில் திரும்பும் என் பாலிடெக்னிக் பிள்ளைகளுக்குத் தினமும் சாயங்காலம் ஒரு கேள்வியும் நான்கு விடைகளும் எஸ்.எம்.எஸ். அனுப்புகிறேன். பெட்டிக்குள் கூடிப் பேசி, எத்தனையாவது விடையோ அத்தனை மிஸ்டு கால் கொடுப்பார்கள். பைசா செலவில்லை.

இன்று ஸ்டாஃப் மீட்டிங் நடுவில் போன் மூன்று முறை அடித்து அடித்து நின்றது.

"என்ன மேடம், இது காலேஜா, டெலிபோன் பூத்தா?" என்றார் பிரின்சிபால். விஷயத்தைச் சொல்லி, இன்று அனுப்பிய டிரான்ஸ்ஃபார்மர் கேள்வியைக் காட்டினேன்.

"ரெண்டாவதுதானே சரி? பசங்க தப்பா சொல்றாங்க. இதையெல்லாம் நிறுத்துங்க."

"பசங்கதான் சார் கரெக்ட். நிறுத்த மாட்டேன்."

சொல்லிவிட்டேன். மெமோ வந்தால் வரட்டும்.

ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது போன் அடித்தது. பிரின்சிபால் நம்பர். எடுப்பதற்குள் நின்றது. மறுபடி அடித்தது, நின்றது. இன்னொரு தடவை.

அதற்கு மேல் அடிக்கவில்லை.