படிவத்தின் இரண்டாவது பெயர்

ஜெபல் அலி
19-7-2024

அன்புள்ள மாயாண்டி அண்ணனுக்கு,

அருள்ராஜ் எழுதுவது. போனில் பேசினால் பாதியிலேயே "சரி, சரி" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் டிரெய்லர் ஓட்டும் ஹபீப் முகம்மதுவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வாரம் ஒரு தடவை ஓமானுக்கு, உங்கள் சோஹார் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் கொண்டுவருகிறாரே, அவர்தான்.

இங்கே துபாய் கேம்பில் தொழிலாளர் கமிட்டித் தேர்தல் வருகிறது. தலைவருக்கு நிற்கிறேன். போன கோடையில் ஏசி ஓடாத பஸ்ஸில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். அந்த பஸ்களை மாற்ற வைக்க வேண்டும். அது ஒன்றுக்காகத்தான் நிற்கிறேன்.

படிவத்தில் தலைவர், துணைத் தலைவர் இருவர் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும். துணைக்கு உங்கள் தம்பி விமலை நினைத்திருக்கிறேன். நம் ஆள், எல்லோருக்கும் பிடித்தவன். சிலர் பீகார்க்காரர் ரோஹித்தைச் சொல்கிறார்கள். நான் எது சொன்னாலும் "கைசே, பாய்?", அது எப்படி என்று மறிக்கிற ஆள் அவர்.

மெஸ் டிவியில் அமெரிக்கத் தேர்தல்தான் ஓடுகிறது. துணை அதிபர் பதவிக்கு நிறுத்தியிருப்பவரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். சும்மா பக்கத்தில் நிற்கப் போகிறவருக்கு எதற்கு இத்தனை அலசல்? உங்களுக்குத் தெரியுமா?

படிவம் ஆகஸ்ட் எட்டாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
அருள்ராஜ்


சோஹார்
26-7-2024

அருள்,

நலம். கடிதத்தைக் கொடுத்துவிட்டு ஹபீப் ஒரு டீ குடித்துப் போனார்.

அமெரிக்காக்காரர்கள் ஏன் அலசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நம் கேம்பைப் பற்றித் தெரியும். முதலில் ஒன்று சொல். அடுத்த வருடம் உனக்கு லீவு எப்போது? ஜூன், ஜூலை என்றுதானே சொன்னாய்? பஸ்ஸுக்காக நிற்கிறாய். பஸ் கொதிக்கிற இரண்டு மாதமும் நீ ஊரில் இருப்பாய். அப்போது கம்பெனிக்காகக் கேம்பை நடத்துகிற கேம்ப் பாஸ் எதிரில் யார் உட்காருவது?

2017-இல் அங்கே நான் தலைவராக இருந்தது உனக்குத் தெரியும். சேதுமாதவனைத் துணைக்கு வைத்தேன். காரணம், நான் சொல்லும் ஜோக்குக்கெல்லாம் அவன் சிரிப்பான். நாற்பத்தைந்து நாள் லீவில் போனேன். கேம்ப் பாஸ் அவனைக் கூப்பிட்டு ஒரு டீ கொடுத்தார். டீ ஆறுவதற்குள், காலை பஸ் முக்கால் மணி முன்னால் கிளம்ப அவன் சம்மதித்துவிட்டான். திரும்பி வந்து நான் சண்டை போட்டேன். "உங்க ஆளுதான் கையெழுத்துப் போட்டாரு" என்றார்கள். இன்றைக்கும் அந்த பஸ் நாலேகாலுக்குத்தானே கிளம்புகிறது?

விமல் என் தம்பி. தங்கமானவன். ஆனால் யார் எது கேட்டாலும் தலையாட்டுவான். பிறந்ததிலிருந்து அவன் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவனைப் போடாதே. உன்னையே மறிக்கிறவர் கேம்ப் பாஸையும் மறிப்பார். ரோஹித்தைப் போடு.

இதை நான் எழுதினேன் என்று அவனுக்குத் தெரிய வேண்டாம்.

மாயாண்டி


ஜெபல் அலி
9-8-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இதை எப்படித் தொடங்குவதென்றே தெரியவில்லை. நீங்கள் அனுப்பும் கவர் எல்லாமே தம்பிக்குத்தான் என்று நினைத்து ஹபீப் முகம்மதுவுக்குப் பழக்கம். மேலே என் பெயரைத் தமிழில் எழுதியிருந்தீர்கள். அவர் மலையாளி, தமிழ் படிக்கத் தெரியாது. கொண்டுபோய் விமலிடம் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் விமல் என் ரூமுக்கு வந்தான். கவர் பிரிந்திருந்தது.

"மேல பேரைப் பாக்காம எனக்குன்னு நெனச்சுப் பிரிச்சுட்டேண்ணே. முழுசும் படிச்சுட்டேன்" என்றான்.

வாங்கிப் படித்து முடித்தேன். அவன் போகாமல் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றான். இதைக் கிழித்துப் போட்டிருந்தால் எனக்குத் தெரியவந்தே இருக்காது. தனக்கு எதிரான கடிதத்தைத் தானே கொண்டுவந்து கொடுக்கிற ஆளைவிட எனக்கு வேறு துணை எதற்கு என்று தோன்றியது. படிவத்தை எடுத்தேன், உன் பெயரைத்தான் எழுதப்போகிறேன் என்றேன்.

"வேணாம்ணே" என்றான்.

ஏன் என்று கேட்டேன்.

"யாரு கேட்டாலும் தலையாட்டுவேன்னு எங்கண்ணன் எழுதிருக்கு. இப்ப உங்களுக்கும் தலையாட்டுனா அது நெசமாப் போயிரும்ல?"

இரண்டு நாள் கெஞ்சிப் பார்த்தேன். அசையவில்லை. நேற்று ரோஹித்தின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். எழுதும்போதே அவர், ஏசி பழுதான தேதிகளைக் குறித்து வைத்திருக்கிறாயா என்று கேட்டார். இல்லை. அவர் குறித்து வைத்திருக்கிறார்.

விமல் டூட்டிக்குப் போகிறான், வருகிறான். உங்கள் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறான்.

அன்புடன்,
அருள்ராஜ்


சோஹார்
30-8-2024

அருள்,

நீயும் ரோஹித்தும் ஜெயித்ததை ஹபீப் சொன்னார். சந்தோஷம். நீ லீவில் போனாலும் பஸ் விஷயம் நிற்காது.

மூன்று வாரமாக விமலுக்குப் போன் செய்கிறேன். எடுக்கவில்லை. ரோஹித்தைப் பற்றி நான் எழுதியது சரி. தம்பியைப் பற்றி எழுதியது தப்பு. வேண்டாம் என்று அவன் சொல்லி நான் கேட்டதில்லை என்று எழுதினேன். யோசித்துப் பார்க்கிறேன். அவனிடம் நான் எதையும் கேள்வியாகக் கேட்டதே இல்லை. துபாய்க்கு வருகிறாயா என்றுகூடக் கேட்கவில்லை. விசா வந்திருக்கிறது, கிளம்பு என்றேன்.

இந்தக் கவருக்குள் அவனுக்குத் தனிக் கவரில் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். இரண்டே வரி. பொங்கலுக்கு ஒன்றாக ஊருக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுதச் சொல்.

அவன் கவரை நான் ஒட்டவில்லை. இந்தத் தடவை யாருக்கும் மறைக்க ஒன்றுமில்லை.

மாயாண்டி