காலையில் நொண்டி, மதியம் குதிப்பவள்

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

உங்கள் முதுகுவலி தேவலையா? நான் சுகமாக இருக்கிறேன். என்னை மூட்டுவாதக் குழந்தைகள் வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள், வேலை பழகிவிட்டது.

இங்கே ஐந்து வயதுக்காரி ஒருத்தி இருக்கிறாள். நேற்று காலை கட்டிலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். மதியம் பார்த்தால் ஓட்டமான ஓட்டம். “ஊசி அக்கா, முடிஞ்சா புடிங்க பாப்போம்!” என்று எனக்கே சவால் விட்டாள். அவள் அம்மா சிரிக்கவில்லை.

“இந்த ஓட்டத்தப் பாத்துட்டுத்தான் சிஸ்டர், ஸ்கூலுக்குப் போகாம இருக்க நடிக்காதடின்னு மாசக்கணக்கா அடிச்சேன்” என்றார்.

காலையில் மூட்டு இறுகுவதும் பகலில் தளர்வதும் இந்த நோயின் குணம். அவளுடைய இடது முழங்காலை இனி முழுதாக நீட்ட முடியுமா என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை.

பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் நம் பாப்பா காலையில் நொண்டுகிறாள், ஸ்கூல் பஸ் போனதும் குதிக்கிறாள் என்று வேடிக்கையாக எழுதியிருந்தீர்கள். கடிதம் கிடைத்த மறுநாள், அவள் எழுந்ததும் இரண்டு முழங்காலையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடோ வீக்கமோ இல்லாவிட்டாலும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அவளைத் திட்ட வேண்டாம்.

விடிந்ததும் இங்கே எல்லாக் குழந்தைகளின் முட்டியையும் தொட்டுப் பார்ப்பது என் வேலை. நம் பாப்பாவுடையதை நீங்கள்தான் தொட வேண்டும்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள்
பாப்பா அம்மா