ஏழாம் வரியை அழித்திடுக

மலைகளும் அவற்றினின்று இறங்கும் அருவிகளும் குறைவின்றி விளங்க, நெடுங்குன்ற நாட்டைக் காத்து நிற்கும் வேந்தர் ஆதன் கொற்றனார் திருமுன் சேர, தண்பொழில் நாட்டு அரசி அரும்பாவை வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் குடிகளும் கோட்டையும், சித்திரக்கூடத்தில் பயிலும் தங்கள் மகளார் செழுங்கோதையும் நலமாயிருக்க வேண்டும். வழக்கத்துக்காக வாழ்த்தெழுதும் நிலையில் அரசி இல்லை, அஞ்சியே வேண்டுகிறாள்.

சில நாள் முன் ஒரு காலை அரசியின் தங்கை பைந்தொடி வெந்நீர் கேட்டுத் தலைமுழுகி, ஈரக்கூந்தலை முடியாமலே இங்குள்ள சித்திரக்கூடத்துக்குப் போனாள். மாலையில், மயங்கி விழுந்த அவளைத் தூக்கி வந்தார்கள்.

எதையும் ஒரே முறையில் செய்து அடங்காத மாணவி அவள். ஈரச் சுவரில் மஞ்சள் தீட்டினாள். சுண்ணம் அதைத் தின்றுவிட்டது. துணியில் விளாம்பிசின் கூட்டித் தீட்டினாள், வெடித்து உதிர்ந்தது. தாழைவேரை நசுக்கித் தூரிகை செய்தாள், கோடு தடித்தது. முடிவில் அணில்வால் மயிரைக் கட்டி, நுனியை நாவில் நனைத்துக் கூராக்கி, தாளகக் கல்லை அரைத்தெடுத்த மஞ்சளில் தோய்த்து, மயிலிறகின் இழைகளைத் தனித்தனியே எழுதினாள். கண்டவர் மெய்யிறகென்று தொட்டுப் பார்த்தார்கள்.

உடன் பயின்ற சேந்தி மட்டும், "ஏடி, உன் பல்லெல்லாம் கோயில் கலசம் மாதிரி மின்னுது. சிரிச்சுத் தொலைக்காதே, திருடன் வந்துடப் போறான்" என்று கேலி செய்தாள்.

"மயிர்க்கோடு வேணும்னா நாக்கைக் குடுக்கணும். உனக்கெதுக்கு அது? நீ வேலிக்கம்பு மாதிரியே கோடு போட்டுக்கிட்டு இரு" என்றாள் பைந்தொடி.

அரும்பாவையும் அருகிருந்து சிரித்தாள்.

உள்ளங்கை தடித்தபோது வேலை செய்த காய்ப்பு என்றார்கள். உண்ட சோறு தங்காதபோது வெயில் என்றார்கள். விழுந்த ஐந்தாம் நாள் அவள் இறந்தாள். மருத்துவர் அவள் நாவைப் பார்த்தார், பின்பு தூரிகையைப் பார்த்தார். தாளகம் நஞ்சு என்றும், அது மாதக்கணக்கில் சிறிது சிறிதாக உள்ளே போயிருக்கிறது என்றும் சொன்னார்.

அப்பொழுதுதான் அரசி தங்களுக்கு அனுப்பியதை நினைத்தாள். தாங்கள் விரும்பிக் கேட்க, சென்ற திங்கள் தங்கள் சித்திரக்கூடத்துக்கு அனுப்பிய மூன்று செப்புகளிலும் இருப்பது அந்த மஞ்சளே. உடன்வந்த செய்முறை ஓலையின் ஏழாம் வரி, 'நுனியை நாவால் நனைத்துக் கூராக்குக' என்பது. பைந்தொடி சொல்லச் சொல்ல அதை எழுதியது அரசியின் கை. தங்கள் மகளார் சொன்ன பாடத்தில் ஓரெழுத்தும் பிசகாமல் செய்பவர் என்று தாங்கள் மகிழ்ந்து எழுதியிருந்தீர்கள்.

ஆதலால் செப்புகளை மூடி, கிணறில்லாத இடத்தில் ஆழப் புதைத்து, ஏழாம் வரியைச் சுரண்டி அழித்து, நாவில் மஞ்சள் பட்ட மாணவர் அனைவரையும் இன்றே மருத்துவரிடம் காட்டியருள்க. பாதியில் நிற்கும் சித்திரங்கள் நிற்கட்டும். வேந்தர்க்கு அண்டை நாட்டு அரசி கட்டளையிடுதல் முறையாகாது. பொறுத்து, இதைக் கட்டளையாகவே கொள்க.

ஓலை கொணரும் தூதர், எயினர் என்பார், எவ்விடத்தும் தங்கலாகாது, ஊர்தோறும் குதிரை மாற்றிச் செல்க என்பது அரசியின் ஆணை. அன்ன முத்திரை இட்டு விடுத்தது.

இரு நாட்டுக்கும் இடைப்பட்ட ஆற்றில் ஓடம் இன்றும் ஒன்றுதான். அதையும் விடிந்த பின்னரே விடுகிறார்கள். எயினர் ஓலையோடு கரை சேர்ந்தது இரவில்.