ஓடுபாதைக்குக் குறுக்கே ஒரு வேலி

அண்ணை,

இன்று பக்கத்துக் காணிக்காரர் புதுவேலிக்கு நாட்டக் கிளுவைத் தடிகளைக் கதியாலாக வெட்டினார்கள். அந்தப் பச்சை மணம் முற்றத்துக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டேன்.

தெற்கில் கலவரக்காரர் கடையை எரித்துத் துரத்திய பிறகு வேலணைத் தீவுக்கு வந்த எங்கள் ஐயா, யாரும் நினைக்காத காரியம் செய்தார். எங்கள் தரவைப் புல்வெளியை மட்டப்படுத்திச் சின்ன விமானங்களுக்கு ஓடுபாதை போட்டார். "ஆரும் இறங்கலாம், எங்களைக் கேட்கத் தேவையில்லை" என்று பலகையும் நாட்டினார். சாகும்போது மேற்குப் பாதியை உங்களுக்கும் கிழக்குப் பாதியை எனக்கும் எழுதிவைத்தார். ஓடுபாதையைப் பனங்காணி மாதிரிப் பிரிக்க எங்கள் சனத்தால்தான் முடியும்.

பலகைக்குப் புதுப் பெயின்ற் அடித்தபோது என் பெயரை மட்டும் எழுதினேன். கொழுப்பு, வேறென்ன? மறுநாள் பட்டப்பகலில் நீங்கள் உங்கள் எல்லையில், ஓடுபாதைக்குக் குறுக்கே கதியால் நாட்டி முட்கம்பி இழுத்தீர்கள். அப்போதுதான் கடற்பக்கம் இரைச்சல் கேட்டது.

"அண்ணை, பிளேன் வருகுது! கம்பியை அறுங்கோ!"

"என்ரை காணிக்குள்ளை ஒருத்தனும் இறங்க ஏலாது. உன்ரை பேர் எழுதின பக்கத்திலை இறக்கு!"

நான் ஒரு கதியாலைப் பிடுங்கினேன். நீங்கள் கதியால் வெட்டிய கத்தியால் என்னை வெட்டினீர்கள். என் தோள் பிளந்தது. அதே கதியாலால் உங்கள் தலையில் அடித்தேன். கத்தி உங்கள் கையிலிருந்து விழுந்ததைக் கண்டேன். கண்டும் இன்னொரு முறை அடித்தேன்.

விமானம் பனைகளுக்கு மேலே தாழ்ந்துவிட்டது. கண்ணெல்லாம் இரத்தம் வழிய நீங்கள் எழும்பினீர்கள். "பிளேனுக்குள்ளை ஆள் இருக்கிறான்ரா!" என்று கத்தி, வேட்டியை அவிழ்த்து வீசிக்கொண்டு அதற்கு எதிரே ஓடினீர்கள். அது மூக்கை நிமிர்த்தி உங்கள் தலைக்கு மேலாலும் வேலிக்கு மேலாலும் போனது. நீங்கள் விழுந்தீர்கள். நான் வந்து மடியில் தூக்கியபோது மூச்சில்லை.

தூரத்தில் நின்று பார்த்த சனம் "பிளேன் அடிச்சுப்போட்டுது!" என்று கத்திக் குழறிக்கொண்டு ஓடிவந்தது. நான் அதை மறுக்கவில்லை. தோள் காயத்தைக் கேட்டவர்களுக்கு முட்கம்பி கிழித்தது என்றேன். மரண விசாரணையிலும் அதையே சொன்னேன்.

முப்பத்தோராம் நாள், உங்கள் அந்தியேட்டிச் சடங்கு அன்று, அந்த விமானி கொழும்பிலிருந்து வந்தார். மெலிந்து போயிருந்தார். அம்மாவின் காலில் விழுந்து, "நான்தானம்மா, என்ரை பிளேன் சில்லுத்தான் அடிச்சது" என்று விம்மினார். அம்மா அவரைத் தூக்கி நிறுத்தி, "அழாதை ராசா, அவன்ரை விதி" என்று சொல்லி, இலை போட்டுச் சாப்பாடு பரிமாறினா. அவர் கைகழுவத் தண்ணீர் வார்த்தது நான்.

அவர் பிறகு பறக்கவேயில்லை என்று கேள்வி. அம்மாவும் உண்மை தெரியாமலே போய்விட்டா. சில்லு உங்களைத் தொடவேயில்லை, அண்ணை. இதை அவருக்கு எழுத எத்தனையோ தரம் பேனை எடுத்தேன்; துணிவில்லை. அதனால்தான், உண்மை தெரிந்த உங்களுக்கே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன்.