ஏழு நிமிஷம் முந்திய கடிகாரம்

மெரிங்கல்,
9 அக்டோபர் 1994, ஞாயிறு

அன்பு மகள் கெரினுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் நாயும் இங்கே நல்ல சுகம். ஆபர்டீன் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வீட்டில் தினமும் பேச்சு. நீ அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்தது. இங்கே வசந்தம் வந்துவிட்டதால் அதைப் போட முடியவில்லை, ஆனாலும் உன் அம்மா ஒரு நாள் போட்டுக்கொண்டு கடைக்குப் போய் எல்லாருக்கும் காட்டிவிட்டு வந்தாள். எலுமிச்சை மரம் இந்த வருஷம் காய்த்துத் தள்ளுகிறது. என் முட்டிவலி பரவாயில்லை. மனசுதான் மூன்று நாளாகச் சரியில்லை. அதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அம்மா தொலைபேசியில் பேசினால் ஒன்றும் தெரியாதவள் மாதிரி இரு.

குதிரை ரேஸ் மைதானத்துப் பழைய பார்வையாளர் கேலரியை இடிக்கப் போவதாகக் கவுன்சில் நோட்டீஸ் விட்டதைப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா. அதிலிருந்து உன் அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. குதிரைகள் ஓடி நாற்பது வருஷமாகிறது, இந்த ஊரில் பாதிப் பேர் குதிரையைக் கிட்டத்தில் பார்த்ததே கிடையாது, மெல்போர்ன் வேலைக்குப் போகிறதும் வருகிறதுமாகத்தான் பிழைப்பு. ஆனால் அந்தக் கேலரி போய்விட்டால் நாம் வெறும் ரயில் நிலையமும் நாலு தெருவும்தான் என்கிறாள். ஒன்பது பேரைச் சேர்த்துக் குழு அமைத்து, முந்நூறு கையெழுத்து வாங்கி, வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு, ரயிலில் போக வேண்டிய கவுன்சில் அலுவலகத்தில் நடக்கும் கூட்டத்தில் தானே பேசுவதென்று முடிவு செய்தாள். எதிர்த்துப் பேச ஊரில் ஒரே ஒருத்தி, கார்மென் ஸம்மிட். கேலரிக்குப் பின்னால் இரண்டு வருஷத்துக்கு முன் குடிவந்த மால்டா குடும்பம். புறா எச்சம் துணிக்கொடியில் விழுகிறது, கூரைத் தகரம் பறந்து குழந்தையின் ஊஞ்சல் பக்கத்தில் விழுந்தது என்று அவளுக்கு நியாயமான கோபம்தான். ஆனால் உன் அம்மாவிடம் அதைச் சொல்லிவிட்டு நான் எங்கே சாப்பிடுவது?

நோட்டீஸில் மூன்று காரணம் போட்டிருந்தார்கள். கூரை ஒழுகுகிறது, புறாத் தொல்லை, கடிகாரம் சரியான நேரம் காட்டுவதில்லை. இந்த மூன்றாவதுதான் என் கண்ணை உறுத்தியது. கேலரி உச்சியில் இருக்கிற அந்தக் கடிகாரம் ஏழு நிமிஷம் முந்தி ஓடும் என்று உனக்கே தெரியும். ரேஸ் நாளில் குடித்துவிட்டுக் கடைசி ரயிலைத் தவறவிடுகிற ஆட்களுக்காக அந்தக் காலத்துச் செயலாளர் முந்தி வைத்தார், அப்புறம் யாரும் தொடவில்லை. குழு சார்பில் உன் அம்மா பேசுகிறபோது கவுன்சிலின் ஒரு காரணமாவது பொய்யாகிப் போகட்டுமே என்று நினைத்தேன். புதன்கிழமை அவள் பள்ளிக்கூடத்தில் மனுவைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த நேரம் யாருக்கும் தெரியாமல் ஏணி வைத்து ஏறினேன். முட்டி கெஞ்ச, புறாக்கள் திட்ட, எண்ணெய் போட்டு, ரேடியோவில் ஆறு மணிச் செய்தி மணி அடித்ததும் முள்ளைச் சரியாக நிறுத்திவிட்டு இறங்கி வந்தேன். ஒரு நொடி பிசகில்லை. முப்பது வருஷம் கல்குவாரியில் இயந்திரம் பார்த்தவன் கை அல்லவா.

எனக்குப் புத்தியில் உறைக்காதது இதுதான். நான் வாழ்நாள் முழுக்க வேலைக்கு எதிர்த்திசையில் வண்டி ஓட்டிப் போனவன், காலை ஏழு நாலு ரயிலில் ஒரு நாள்கூட ஏறியவன் இல்லை. அந்த ரயிலில் போகிறவர்கள் யாரும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. சமையலறை ஜன்னல் வழியாகக் கேலரியைப் பார்ப்பார்கள், அது ஏழு ஐந்து காட்டியதும், அதாவது உண்மையில் ஆறு ஐம்பத்தெட்டுக்கு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்புவார்கள், ரயிலைப் பிடித்துவிடுவார்கள். பரம்பரைப் பழக்கம் மாதிரி ஆகிவிட்டது.

வியாழன் காலை உன் அம்மா ஆச்சரியப்படுவதைப் பார்க்க டீயோடு ஜன்னலில் நின்றேன். பச்சைத் தொப்பி, கையில் கோப்பு, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நிதானமாக லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டிருந்தாள். அப்போது ரயில் ஊதியது. ஊர் முழுக்கக் கதவு திறக்கிற சத்தம். கெரின், நாற்பது பேர் பழைய ஓட்டப்பாதைப் புல்லில் விழுந்தடித்து ஓடினார்கள், கணக்காளர் ஒருவர் பல்துலக்கும் பிரஷோடு, உன் அம்மா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால். கேலரிக்கு முன்னால் இவ்வளவு நல்ல ஓட்டம் நடந்து வெகுகாலம் இருக்கும். ஆனால் ரயில் போயே போய்விட்டது. ரேடியோவைக் கேட்டு நேரம் வைக்கிற ஒரே ஆள் மட்டும் அதில் உட்கார்ந்திருந்தாள். கார்மென்.

என் பிக்கப்பில் நாலு பேர், பின்னால் இன்னொரு காரில் ஐந்து பேர் என்று கிளம்பினோம். நெடுஞ்சாலையில் தார் போடுகிறார்கள், வண்டிகள் ஊர்கின்றன. கடிகாரத்தில் கைவைத்தவன் யாராயிருந்தாலும் அவன் கை அழுகட்டும் என்று உன் அம்மா வழி முழுக்க வைதுகொண்டே வந்தாள். நான் ரோட்டைப் பார்த்து கியர் மாற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவள் வசவு நின்றுபோய் அழுகை வந்துவிட்டது. அதுதான் தாங்கவில்லை. இத்தனை மாதப் பாடும் என்னால் மண்ணாய்ப் போயிற்றே.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டே முக்கால். முடிந்திருக்கும் என்றுதான் நுழைந்தோம். கார்மென் மட்டும் முதல் பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்த குமாஸ்தா சொன்னார், கேலரி விஷயம்தான் முதலில் எடுக்க வேண்டியது, மூன்று தடவை பேசக் கூப்பிட்டும் இந்தம்மா எழுந்திருக்கவில்லை என்று. தலைவர் எரிச்சலோடு ஏன் என்று கேட்டதற்கு அவள் சொன்னாளாம், “அவங்க வரட்டும். ஊரே ஓடி வந்ததை நான் ரயில்ல இருந்து பார்த்தேன். ஒத்தக் குதிரை ஓடி ஜெயிச்சா அதுக்குப் பேரு ரேஸா?” தலைவர் வடிகால் விஷயத்தை முதலில் எடுத்துக்கொண்டாராம்.

அப்புறம் கார்மென் பேசினாள் பார், விட்டு விளாசினாள். தகரம் விழுந்த இடத்தைப் படம் எடுத்துக் கொண்டுவந்திருந்தாள். உன் அம்மாவும் விடவில்லை, மூச்சு வாங்க வாங்க நன்றாகவே பேசினாள். நாலுக்கு ஐந்து ஓட்டில் கேலரி பிழைத்தது. ஆனால் கூரையை மாற்றி, புறாவுக்கு வலை கட்டி, எல்லாம் கிறிஸ்துமஸுக்குள் குழுவே முடிக்க வேண்டும் என்று நிபந்தனை. திரும்பும்போது கார்மென் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தாள். முதல் வலை உன் துணிக்கொடிக்கு மேலேதான் என்று உன் அம்மா அவளுக்கு வாக்குக் கொடுத்தாள். பாதி வழியில் கார்மென், “அது சரி, கடிகாரத்தை யாரு சரி பண்ணினது?” என்று கேட்டாள். தெரிஞ்சா சொல்றேன் என்றாள் உன் அம்மா. நான் மறுபடி கியர் மாற்றினேன். எதிரிக்காகக் காத்திருந்தவள் ஒரு பக்கம், சொந்த மனைவியிடம் உண்மை சொல்லத் துணியாத நான் ஒரு பக்கம். எனக்கு வெட்கமாக இருந்தது.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போய்ச் சொல்லிவிட்டேன். உனக்கு எழுதுகிறதை அவளிடம் சொல்ல முடியாவிட்டால் நான் என்ன மனுஷன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நோட்டீஸின் மூன்றாவது காரணத்தில் ஆரம்பித்து ரேடியோ மணி வரைக்கும் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு, “முப்பது வருஷமா இந்த வீட்டுல ஒழுகுற குழாயைக் கேட்டா நாளைக்கும்ப, ஆடுற கதவைக் கேட்டா நாளைக்கும்ப. எனக்காக நீயா மனசு வெச்சு ஒரு வேலை செஞ்ச, கிளாரி, அதையும் சரியா செஞ்சு தொலைச்சிட்டியே” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் நாற்காலியில் உட்கார்ந்து, என் கையை எடுத்துத் தன் ஈரக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆக, இனி நீ தெரியாதவள் மாதிரி இருக்கத் தேவையில்லை. நன்றாகச் சாப்பிடு, ஐஸ் படிந்த படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கு. இருபத்திரண்டாம் தேதி அம்மாவின் பிறந்தநாள், மறக்காமல் கூப்பிடு. ஆண்டவர் உன்னை எந்தக் குறையுமில்லாமல் காப்பாராக.

உன் அன்பு அப்பா,
கிளாரி