நாற்பதாவது நாவலின் கடைசி அத்தியாயம்

மார்ச் 2

அன்புத் தங்கச்சிக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கு? மருந்துக்கடையில நாள் முழுக்க நின்னுக்கிட்டே இருக்காத, முதலாளிகிட்ட ஒரு ஸ்டூல் கேளு.

நல்ல சேதி. 'எமகாதகன்'ங்கிற புனைபேர்ல வர்ற நாற்பதாவது நாவலுக்குப் பதிப்பாளர் விழா எடுக்கிறார். எனக்குப் பாராட்டு. கோட்டு தைக்கக் கொடுத்திருக்கேன். நீ எப்பவும் கடைசி அத்தியாயத்தை முதல்ல எழுதி வெச்சுக்கிட்டு, அச்சுக்குப் போற வாரம்தான் கண்ணுல காட்டுவ. கொலைகாரன் யாருன்னு வெளிய கசியக் கூடாதுன்னு உனக்குப் பயம். மத்த அத்தியாயமெல்லாம் பதிப்பாளர்கிட்ட கொடுத்தாச்சு, இந்தத் தடவை அதையும் கொஞ்சம் சீக்கிரம் அனுப்பு.

இன்னொண்ணு, நீ விழாவுக்கு வர வேண்டாம். யாராவது ஏதாவது கேட்டா உளறி வெச்சிடுவ. மனசுல வெச்சுக்காத.

அன்பு அண்ணன்

மார்ச் 9

அண்ணா,

ஸ்டூல் கேட்டேன், தரல.

மனசுல வெச்சுக்காதன்னு எழுதியிருக்க. இருபத்திரண்டு வருஷமா வெச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். பொம்பளை எழுதின கொலைக்கதையை எவன் போடுவான்னு நீயே முடிவு பண்ணி, முதல் நாவலை நீ எழுதினதாச் சொல்லிக் கொடுத்துட்டு வந்த. புத்தகம் வந்தாப் போதும்னு நானும் வாயை மூடிக்கிட்டேன். பின்னட்டையில உன் படம். கதையெல்லாம் குளிக்கும்போது வரும்னு பேட்டி வேற. எனக்கு மாத்திரை எண்ணும்போதுதான் வருது.

இப்ப நான் சொல்றதைக் கேளு. எழுதினது என் தங்கச்சின்னு நீ மேடையில சொல்லணும். சொல்றேன்னு ஒரு வரி எழுதிப் போடு. அதுவரைக்கும் கடைசி அத்தியாயம் என் பீரோவை விட்டு வெளிய வராது.

தங்கை

மார்ச் 17

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படிச்சதுல இருந்து சோறு இறங்கல. நான் அலையா அலையலேன்னா உன் நோட்டெல்லாம் எடைக்குப் போயிருக்கும். தெருவே என்னை எமகாதகன்னு கூப்பிடுது, உன் அண்ணி உட்பட. இப்பப் போய் அது நான் இல்லேன்னு சொன்னா முகத்தை எங்க கொண்டுபோய் வெச்சுக்கிறது? இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த ஆசை?

நீ ஒண்ணும் அனுப்ப வேண்டாம். ரெண்டே நாள்ல நானே எழுதிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமா வந்திருக்கு. நகல் இணைச்சிருக்கேன். அடுத்த வாரம் பதிப்பாளர்கிட்ட கொடுக்கப் போறேன்.

அண்ணன்

மார்ச் 21

அண்ணா,

படிச்சேன். கார் டிரைவர்தான் கொலைகாரன்னு முடிச்சிருக்க. டிரைவர் ஏழாம் அத்தியாயத்துலயே செத்தாச்சு. பிரேதப் பரிசோதனைகூட முடிஞ்சிடுச்சு, மூணு பக்கத்துக்கு. கடையில மருந்து வாங்க வந்தவங்க முன்னாடியே விழுந்து விழுந்து சிரிச்சேன். அப்புறம் பின்னறைக்குப் போய் அழுதேன். எல்லா நாவலையும் உன் கையாலதான் கொண்டுபோய்க் கொடுத்த. ஒண்ணைக்கூட நீ படிச்சதில்ல. என் பேர் வராமப் போனதைவிட எனக்கு அதுதான் வலிக்குது.

நேத்து லீவு போட்டுட்டுப் பதிப்பாளரைப் பார்த்தேன். மனுஷன் நம்பவே இல்ல. "அண்ணன்கூட ஏதாவது மனஸ்தாபமாம்மா?"ன்னு கேட்டார். உன் அத்தியாயத்தையும் என் அத்தியாயத்தையும் மேஜைமேல வெச்சு, படிங்கன்னு சொல்லிட்டு நின்னேன். உன்னுதுல ரெண்டாம் பக்கம் தாண்டல. என்னுதை முடிக்கிற வரைக்கும் டீயைத் தொடல. அப்புறம்தான் உட்காருங்கம்மான்னார்.

அட்டையில எமகாதகன்னுதான் இருக்கும். அது நான் யோசிச்சு வெச்ச பேர், யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். பின்னட்டையில என் படம். தலைக்குச் சாயம் போட்டுக்கலாமேன்னார் போட்டோக்காரர். இருக்கிறபடியே எடுங்கன்னுட்டேன். விழாவுல நானே பேசறேன், ஒண்ணும் உளற மாட்டேன்.

நீ வர்றதும் வராததும் உன் இஷ்டம். இதோட என் முதல் நாவலை அனுப்பியிருக்கேன். நூத்தி அறுபது பக்கம்தான். படிச்சிட்டு எனக்கு எழுது. படிக்காம எழுதினா பதில் போட மாட்டேன்.

உன் தங்கை